ஸ்ட்ராவா: ஒரு பழைய தபால்காரனின் மதிப்புரை

கோயம்புத்தூரில் 34 ஆண்டுகள் தபால்காரனாக இருந்தேன். ‘விலாசம் போதவில்லை’ என்று எழுதி ஒரு கடிதத்தைத் திருப்பி அனுப்பினால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது. ‘ரேஷன் கடை எதிர்ச்சந்து, முருங்கைமரம் நிற்கும் வீடு’ என்று மட்டும் எழுதியிருந்த உறையைக்கூடக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த பின்கோடு எங்கள் வேலையில் பாதியைக் குறைத்தது உண்மைதான். 641 என்று தொடங்கினாலே எங்கள் பக்கம், மீதி மூன்று இலக்கத்தில் அஞ்சல் அலுவலகம். அதற்கு மேல் வாசல் வரை போவது மனிதனின் கால்தான். அந்தக் கடைசித் துண்டை ஒரு கைப்பேசிச் செயலி இவ்வளவு சுலபமாக முடித்துவிடும் என்று நான் நினைத்ததில்லை.

ஓய்வு பெற்றதும் சர்க்கரை எட்டிப் பார்த்தது. மகள் ஈரோட்டிலிருந்து வந்து ஒரு கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்டு, கைப்பேசியில் ஸ்ட்ராவாவைப் போட்டுக் கொடுத்தாள். 2009-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய செயலி. பெயர் சுவீடன் மொழிச் சொல்லாம், ‘முயற்சி செய்’ என்று பொருள். ஓட்டம், நடை, சைக்கிள் எதுவானாலும் சென்ற பாதையை வரைபடத்தில் ஆரஞ்சு நிறக் கோடாகப் போடும். தூரம், வேகம், ஏற்ற இறக்கம் எல்லாம் காட்டும். மற்றவர்கள் பார்த்து ஒரு கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போகலாம். பார்வைக்கு ஓட்டக் கணக்கு நோட்டு. உள்ளே இதுவும் ஒரு சமூக ஊடகம்தான். அது எனக்கு உறைக்கப் பதினான்கு மாதங்கள் பிடித்தன.

கருவியாக எனக்குக் குறை ஒன்றுமில்லை. எங்கள் ஊர் ரேஸ் கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். காலையில் நடையும் ஓட்டமுமாக ஒரு சுற்று போய்விட்டு வீடு திரும்புவேன். கோடு பெரும்பாலும் நடைபாதையை விட்டு விலகாது. கட்டணச் சந்தா கட்டாமலேயே எனக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கிறது. என் வயதில் யாரும் பந்தயத்துக்குப் போகவில்லை.

போன பொங்கலுக்குத் தங்கை மகன் தன் விடுதி அறைத் தோழனை அழைத்து வந்தான். வருவதற்கு முன் அந்தத் தோழன் ஒரு வேலை செய்திருக்கிறான். “மாமா, இவன் நம் வீட்டுக்கு இதுவரை வந்ததே இல்லை. வழியும் நான் சொல்லவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து இவன்தான் என்னைக் கூட்டி வந்தான்” என்றான் தங்கை மகன். என் பெயரைச் செயலியில் தேடி, பத்து நாள் கோடுகளை அந்தப் பையன் பார்த்திருக்கிறான். எல்லாக் கோடுகளும் ஒரே வாசலில் தொடங்கி அதே வாசலில் முடிந்திருக்கின்றன. அதோடு விடவில்லை. “அங்கிள், தினமும் ஆறரை மணிக்கு ஒரு முனையில் பத்து நிமிடம் நிற்கிறீர்கள். டீக்கடையா?” என்றான். நகர்ந்த நேரம், மொத்த நேரம் என்று இரண்டையும் செயலி தனித்தனியாகக் காட்டுகிறதே, அந்த வித்தியாசத்தில் பிடித்துவிட்டான். சர்க்கரை போட்ட டீ. மனைவி பக்கத்தில்தான் நின்றாள்.

கடைசியாக ஒன்று சொன்னான். “நவம்பரில் நான்கு நாள் ஈரோட்டில் ஓடியிருக்கிறீர்கள். அப்போது இங்கே வீடு பூட்டிக் கிடந்ததா?” ஆமாம், பூட்டித்தான் கிடந்தது.

இதில் குற்றம் என்னுடையது. அமைப்புகள் என்ற பகுதியை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. ஆனால் மதிப்புரை என்று எழுத உட்கார்ந்தபின் இதையும் சொல்லியாக வேண்டும். வயது வந்தவர் கணக்குத் தொடங்கினால் அவருடைய பதிவுகள் ‘எல்லோருக்கும்’ என்ற நிலையில்தான் ஆரம்பிக்கின்றன. மூட நினைப்பவர்தான் தேடிப்போய் மூட வேண்டும். கடிதத்தைப் பிரித்து அஞ்சல் அலுவலக வாசலில் ஒட்டிவைத்துவிட்டு, ‘விருப்பமில்லாதவர்கள் உள்ளே வந்து எழுதிக் கொடுங்கள்’ என்று அறிவிப்புப் போட்டால் ஊர் சும்மா இருக்குமா?

திறந்து பார்க்காதவன் நான் மட்டும் இல்லை என்பதில் ஓர் அற்ப ஆறுதல் உண்டு. 2017 நவம்பரில் உலகம் முழுவதும் மக்கள் ஓடிய பாதைகளைத் திரட்டி ஒளிரும் வரைபடமாக ஸ்ட்ராவா வெளியிட்டது. பெயர் எதுவும் இல்லை, வெறும் வெளிச்சக் கோடுகள். 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற 20 வயது ஆஸ்திரேலிய மாணவர் அதை உற்றுப் பார்த்தார். ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் உள்ளூரில் இந்தச் செயலியைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. அதனால் இருண்ட பாலைவனத்தின் நடுவே ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. சிப்பாய்கள் காலையில் ஓடிய வழி! சில வாரங்களில் நிறுவனம் அந்த வரைபடத்தை மாற்றியமைத்தது. ஆனாலும் 2024-ல் பிரான்சின் லெ மோந்த் நாளிதழ், அதிபர் மக்ரோனின் மெய்க்காவலர்கள் ஓடிய கோடுகளை வைத்து அவருடைய பயணங்களைத் தொடர முடிகிறது என்று எழுதியது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில், ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் முன்னாள் தளபதி ஸ்தனிஸ்லாவ் ர்ஷித்ஸ்கி, கிராஸ்னதார் நகரில் காலை ஓட்டத்தின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஓடும் பாதைகள் ஸ்ட்ராவாவில் திறந்தே கிடந்தன. அதைப் பார்த்துத்தான் காத்திருந்திருக்க வேண்டும் என்று செய்திகள் வந்தன. என்னைச் சுட யாரும் வரப்போவதில்லை. பூட்டிய வீட்டுக்கு வருவார்கள்.

இனி அமைப்புகள். வீட்டைச் சுற்றி 1,600 மீட்டர் வரை ஒரு வட்டம் போட்டு, அதற்குள் விழும் கோட்டை மறைக்கலாம். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் மறைக்கலாம், வரைபடத்தையே மறைக்கவும் வழி இருக்கிறது. முதலில் சின்ன வட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். பையன் சிரித்தான். மொத்தத் தூரம் 4.2 கிலோமீட்டர் என்று செயலி சொல்கிறது. கண்ணுக்குத் தெரியும் கோடோ 3.6 தான் வருகிறது. மீதி 600 மீட்டர், போக 300, வர 300. கோடு தொடங்கும் முனையிலிருந்து 300 மீட்டர் தள்ளி எந்தெந்தச் சந்து இருக்கிறது என்று பார்த்தால் போயிற்று. இரண்டு நாள் வேறு வேறு வழியில் போயிருந்தால் வேலை இன்னும் எளிது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட மறைப்பு வட்டங்களுக்குள் இருக்கும் இடத்தை 85 சதவீதம் வரை கண்டுபிடிக்க முடிந்தது என்கிறார்கள். முருங்கைமர வீட்டை நான் தேடிப் பிடித்ததும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான். ஆகவே வட்டத்தை நம்பாதீர்கள், குறிப்பாக வீடுகள் நெருக்கமில்லாத புறநகரில்.

நான் செய்தது இவ்வளவுதான். எல்லாப் பதிவுகளையும் ‘பின்தொடர்பவர்கள் மட்டும்’ என்று மாற்றினேன். பழைய பதிவுகள் தானாக மாறாது, அவற்றுக்குத் தனியாக ஒரு பொத்தான் உண்டு. பலர் கோட்டைவிடும் இடம் அதுதான். பின்தொடர வருபவரை நான் அனுமதித்தால்தான் உள்ளே வரலாம். அந்த ஒளிரும் வரைபடத்துக்கு என் தரவு போவதையும் நிறுத்தினேன். வாசலில் கோலத்தை எடுத்த ஒரு படத்தில் கதவோரம் எழுதியிருந்த மின் இணைப்பு எண் தெளிவாகத் தெரிந்தது, அதையும் நீக்கினேன். இப்போது என்னைப் பின்தொடர்பவர்கள் மகளும் தங்கை மகனும். மகளுக்கு மட்டும் ஓடும்போதே நான் இருக்கும் இடம் தெரியும்படி ‘பீக்கன்’ என்ற வசதியைப் போட்டிருக்கிறேன். மூன்று பேர் வரை அப்படிக் காட்டலாம். இருட்டு விலகுமுன் தனியாக ஓடும் பெண்களுக்கும், என்னைப் போல் மாத்திரை போடுகிறவர்களுக்கும் இது ஒன்றே போதும், செயலியை வைத்துக்கொள்ள. ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். தொடக்கத்திலேயே கதவைச் சாத்திக் கொடுத்திருந்தால் நான்கரை.

ஒரு நஷ்டமும் உண்டு. ஒரே பாதைத் துண்டில் 90 நாட்களுக்குள் அதிக முறை ஓடியவருக்கு ‘லோக்கல் லெஜண்ட்’ என்று மாலை சூடிய பட்டம் கொடுப்பார்கள். வேகம் கணக்கில்லை, விடாப்பிடி மட்டும் போதும். ரேஸ் கோர்ஸின் ஒரு துண்டுக்கு ஐந்து மாதம் அது என்னிடம் இருந்தது. பதிவுகளை மூடியதும் போய்விட்டது, இன்னொருவர் பெயர் அங்கே வந்தது. பொறாமையில் அவருடைய கோட்டைத் திறந்து பார்த்தேன். தினமும் அதிகாலை 5.40, ஒரே வாசல். அது நான் தினமும் கடிதம் கொடுத்துவந்த பழைய பீட். நான்காவது வீடு, உள்பக்கம் நாய், மணியார்டர் வாங்க ஒரு பாட்டி வந்து நிற்பார்.

மறுநாள் 5.40-க்கு ரேஸ் கோர்ஸில் அவருக்காகக் காத்திருந்தேன். “தம்பி, ஒரு நிமிடம்” என்று நிறுத்தி, கைப்பேசியை வாங்கி அமைப்புகளைத் திறந்து காட்டினேன். எல்லாவற்றையும் மாற்றி முடித்த பிறகுதான், “நான் இந்த நேரத்தில் வருவேன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.