1996 போக்கிமான் சோதனைக் கார்டு ஏலம் கேட்பவர்கள் முதலில் மஞ்சள் புள்ளியைத் தேடுங்கள்

போக்கிமான் கார்டு விளையாட்டு ஜப்பானில் கடைக்கு வந்தது 1996 அக்டோபரில். அதற்கு முன் வடிவமைப்புக் குழு ஆடிப் பார்க்க அச்சடித்தவை என்று சொல்லி, 2024-இல் 'ப்ரோட்டோடைப்', 'ப்ளேடெஸ்ட்' கார்டுகள் வரிசையாக ஏலத்துக்கு வந்தன. கார்டின் அசல் தன்மையையும் தரத்தையும் மதிப்பிடும் கிரேடிங் நிறுவனத்தின் சீல் வைத்த ஸ்லாப் (பிளாஸ்டிக் உறை), சான்று எண், சிலவற்றில் கையெழுத்தும் உண்டு. அவற்றை நம்பிப் பெரும் பணம் போட்டவர்கள் பலர். 2025 ஜனவரியில் சேகரிப்பாளர்களே ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். சில கார்டுகளில் அச்சான ஆண்டு 2024 என்று பதிவாகியிருந்தது.

கலர் லேசர் பிரிண்டர்கள் பல, அச்சடிக்கும் தாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளை வைக்கும். ஒவ்வொன்றும் சுமார் 0.1 மி.மீ. அச்சான தேதி, நேரம், இயந்திரத்தின் வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். ஒரே அமைப்பு தாளில் திரும்பத் திரும்ப வருவதால், கார்டு அளவுக்கு வெட்டினாலும் தப்பாது.

பார்க்கும் முறை: 1200 டிபிஐ-யில் கலர் ஸ்கேன் எடுத்து, நீலச் சேனலை மட்டும் பிரித்து, கான்ட்ராஸ்ட்டை ஏற்றுங்கள். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்குவதால் புள்ளிகள் கறுப்பாகத் தெரியும். படத்தை ஓவியம் இல்லாத வெள்ளைப் பகுதியில் பாருங்கள். ஸ்லாப்புக்குள் இருக்கும் கார்டு ஸ்கேனர் கண்ணாடியிலிருந்து சில மி.மீ. தள்ளியே இருக்கும், கண்ணாடியை ஒட்டியதை மட்டும் தெளிவாகப் படிக்கும் மெல்லிய சிஐஎஸ் ஸ்கேனரில் மங்கிவிடும், சற்றுத் தள்ளியிருப்பதையும் படிக்கும் சிசிடி ஸ்கேனர் வேண்டும். இல்லையென்றால் நீல எல்இடி டார்ச்சும் யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பும் போதும். ஏல நிறுவனம் தரும் ஜேபெக் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தச் சுருக்கத்தில் முதலில் அடிபடுவது நிற விவரம்தான். டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாகக் கேளுங்கள்.

டிஜிட்டல் உரிமைகளுக்கான அமெரிக்க அமைப்பான எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் 2005-இல் படித்துக் காட்டிய ஜெராக்ஸ் டாக்குகலர் பிரிண்டரின் புள்ளி அமைப்பில் 15 நெடுவரிசை, 8 கிடைவரிசை. மேல்வரிசை சரிபார்ப்புக்கு. அதன் கீழே உள்ள வரிசைகளின் மதிப்பு 64, 32, 16, 8, 4, 2, 1; புள்ளி இருக்கும் வரிசைகளின் மதிப்பைக் கூட்ட வேண்டும். இடமிருந்து எட்டாவது நெடுவரிசை ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம்: 64, 32-இல் புள்ளி இருந்தால் 96, 16, 8-இல் இருந்தால் 24. ஏழாவது மாதம், ஆறாவது நாள். மற்ற தயாரிப்புகளுக்கு அமைப்பு வேறு, இந்த அட்டவணையை அவற்றின் மேல் போட்டுப் படிக்கக் கூடாது.

புள்ளி இல்லை என்பதால் கார்டு அசல் ஆகிவிடாது. கறுப்பு-வெள்ளை லேசரும் பல இங்க்ஜெட்டும் புள்ளி வைப்பதில்லை. இயந்திரத்தின் கடிகாரம் தவறாக இருந்தாலும் தேதி மாறும். ஆனால் 1996 கார்டில் 2024 என்று வந்தால் விளக்கம் தர வேண்டியது விற்பவர்.

கையெழுத்து அசலாகவே இருக்கலாம். கார்டு எப்போது அச்சானது என்பதற்கு அது சாட்சி இல்லை. ஸ்லாப்பும் அப்படித்தான். 2007-இல் 28 லட்சம் டாலருக்கு விற்ற டி206 தொகுப்பின் ஹோனஸ் வாக்னர் பேஸ்பால் கார்டு, கிரேடிங் நிறுவனமான பிஎஸ்ஏ-விடம் பத்துக்கு 8 தரம் பெற்றது. அதன் ஓரத்தை வெட்டியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கடைக்கு வந்த கார்டுக்காவது ஒப்பிட ஆயிரக்கணக்கில் அசல் கிடைக்கும். சோதனைக் கார்டுக்கு அதுவும் இல்லை. அதனால்தான் யாரிடமிருந்து யாருக்குக் கை மாறியது என்ற ஆவணம் இதற்கு மிக முக்கியம். "உள்ளே இருந்தவரிடமிருந்து வந்தது" என்ற ஒற்றை வரியை ஆவணமாக ஏற்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஸ்லாப்பை உடைக்காதீர்கள், உடைத்தால் கிரேடிங் உத்தரவாதம் போய்விடும். நான்கு மூலைகள், லேபிள், சான்று எண் ஆகியவற்றைப் படம் எடுங்கள். ஸ்கேனின் மூலக் கோப்பை அப்படியே வையுங்கள். ஏல நிறுவனத்துக்கும் கிரேடிங் நிறுவனத்துக்கும் தனித்தனியாக, எழுத்தில் புகார் கொடுங்கள். ஏல விதிகளில் திருப்பித் தரும் காலக்கெடு குறுகியது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியின் கெடு வேறு. மறுஆய்வுக்கு அனுப்பும் முன், பணம் திரும்பும் என்றால் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்: நீங்கள் கொடுத்த விலையா, அவர்கள் கணிக்கும் சந்தை விலையா, ஏலக் கமிஷனும் சேருமா.