கொம்பியூட்டரில படம் காட்டிற கிராபிக்ஸ் கார்ட் எரிஞ்சு போச்செண்டு சொல்லி 18,500 ரூபா வாங்கிட்டாங்கள். கவனம்!

கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் கொம்பியூட்டர் வைச்சு வேலை செய்யிற ஆக்கள் தயவுசெய்து வாசியுங்கோ. கடையின்ர பேர் போடேல்லை. டவுனில இருக்கிற ஒரு கொம்பியூட்டர் திருத்திற கடை.

நான் வீட்டில இருந்து கலியாண கார்ட், 31ஆம் நாள் நினைவுமலர் செய்து குடுக்கிறனான். 2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சதால 11க்கு மாத்தச் சொல்லி அந்தக் கடையில குடுத்தன். வீட்ட கொண்டுவந்து போட்டா ஸ்கிறீன் 1024க்கு 768இல நிக்குது. ரெசலூஷன் மாத்திற இடம் மங்கிப் போய்க் கிடக்கு, அமத்தேலாது. ரெண்டாவது மொனிற்றர் வேலையே செய்யேல்லை. நினைவுமலருக்கு வைச்ச ஐயாவின்ர முகம் அப்பளம் மாதிரி அகண்டு போய்க் கிடக்கு. அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன சொல்லுறது?

திருப்பிக் கொண்டுபோனன். அங்க நிண்ட பெடியன் கதிரை இழுத்துப் போட்டு, பிளேன்ரியும் தந்து, "அக்கா, புது விண்டோசுக்குத் தாங்காம உங்கட கார்ட் எரிஞ்சிட்டுது. யோசிக்காதேங்கோ, என்ர சொந்த அக்காவுக்குச் செய்யிற மாதிரி புதுசு போட்டுத் தாறன்" எண்டான். அந்தக் கதையை நம்பித்தான் 18,500 ரூபா எண்ணிக் குடுத்தன். பழைய கார்டைக் கேக்க, "அதைக் குப்பையில போட்டிட்டம் அக்கா."

வீட்ட வந்து போட்டா படம் வடிவா வருது. ஆனா அதே பழைய டிக் டிக் சத்தம். பக்கத்துத் தகட்டைக் கழட்டிப் பாத்தா, விசிறி இதழ் ஒண்டின்ர நுனி உடைஞ்ச என்ர அதே கார்ட்! புழுதியைக்கூடத் தட்டேல்லை. கார்ட் வாங்கேக்க வந்த பெட்டியை எடுத்து சீரியல் நம்பரை ஒத்துப் பாத்தன். அதேதான்.

யாழ்ப்பாணத்தில படிக்கிற அக்காவின்ர மகன்தான் விளங்கப்படுத்தினவன். விண்டோஸ் மாத்தேக்க டிரைவர், அதாவது கார்டை வேலை செய்யவைக்கிற மென்பொருள், சரியா ஏறாட்டி விண்டோஸ் தன்ர அடிப்படை டிரைவரோட ஓடும், அதுதான் ரெசலூஷன் பூட்டுப்பட்டதும் ரெண்டாவது ஸ்கிறீன் வராததும். சரியான டிரைவரை இலவசமா இறக்கிப் போட்டாச் சரி. அதை மட்டும் போட்டிட்டு 18,500 ரூபா!

கோல் எடுத்தா "முதலாளி கொழும்புக்குப் போட்டார்." பிறகு "நாளைக்கு எடுங்கோ." நேர போய்க் கேட்டா, "பில்லில கார்ட் எண்டு இல்லையே அக்கா, சேர்விஸ் எண்டுதானே கிடக்கு." சிரிச்சுக்கொண்டு சொல்லுறான். வட்ஸ்அப்பில சீரியல் நம்பர் படம் அனுப்பினன், புளொக் பண்ணிட்டாங்கள். 18,500 ரூபா எனக்கு எத்தினை நினைவுமலரின்ர உழைப்பு எண்டு அவங்களுக்குத் தெரியுமோ?

என்ன செய்யலாமெண்டு விரிவா எழுத வந்தனான், கை நடுங்குது. இதைமட்டும் செய்யுங்கோ: ஸ்கிறீன் பிழைச்சா முதல்ல கொம்பியூட்டரின்ர பாகங்களைக் காட்டிற டிவைஸ் மனேஜரில டிஸ்பிளே அடப்டர்ஸைத் திறந்து பாருங்கோ. 'மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடப்டர்' எண்டு அந்த அடிப்படை டிரைவர் கிடந்தா முதல்ல டிரைவரைப் போட்டுப் பாருங்கோ. கடையில குடுக்க முதல் கார்டைப் படம் எடுங்கோ. கழட்டின சாமானைக் கையில வாங்காமல் காசு குடுக்காதேங்கோ. பில்லில சாமான் பேரும் சீரியல் நம்பரும் எழுதுவியுங்கோ.

நுகர்வோர் அதிகார சபைக்கு 1977இல முறைப்பாடு குடுக்கப் போறன். பில்லும் படங்களும் கையில இருக்கு. இதே மாதிரி ஏமாந்த ஆக்கள் இருந்தாச் சொல்லுங்கோ, சேர்ந்து குடுப்பம்.