எல்லாம் தெரிந்தவனாக விடமாட்டேன் என்கிற கேம்: தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2

ஒரு பாத்திரத்தை நாமே உருவாக்கி, வளர்த்து, கதையை நகர்த்தும் விண்வெளி ரோல்-பிளேயிங் கேம் இது. முதலில் கணக்கு. பாத்திரத்தின் ஸ்கில்கள், அதாவது திறமைகள், 12. ஒவ்வொன்றையும் 20 வரை ஏற்றலாம். ஒரு லெவல் ஏறினால் கிடைப்பது 2 புள்ளிதான். லெவல் உச்சவரம்பு 30. எல்லா மூலைகளையும் அலசி, கடைசி லெவலைத் தொட்டாலும் லெவல் ஏற்றத்தில் கைக்கு வருவது 58 புள்ளி. எல்லா ஸ்கில்லையும் நிரப்ப 240 வேண்டும். கால்வாசிகூட எட்டாது. இந்தக் கேமைப் பிடித்துப்போகிறவர்களுக்கும் பிடிக்காமல் போகிறவர்களுக்கும் காரணம் இந்த ஒரே கணக்குதான்.

2019-இல் வந்த முதல் பாகம் தாராளமானது. லெவலுக்கு 10 புள்ளி. தொடர்புள்ள ஸ்கில்கள் ஒரே கட்டாக 50 வரை சேர்ந்தே ஏறும். தப்பாகப் போட்டுவிட்டால் கப்பலில் இருக்கும் இயந்திரத்தில் கொஞ்சம் காசு கட்டி எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாக அடுக்கிக்கொள்ளலாம். பாதி கேமுக்குள் பூட்டைத் திறப்பவனும், கணினி டெர்மினலை ஊடுருவுபவனும், பேசியே ஆளைக் கவிழ்ப்பவனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். அப்புறம் எந்தத் தேர்வுக்கும் எடை இருக்காது. கேமை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனம் இந்த முறை அந்த வாசலை அடைத்துவிட்டது. முன்கதை முடிந்ததும் ஒரே ஒருமுறை மாற்றி அமைக்க வாய்ப்புத் தருகிறார்கள், அதற்குப் பிறகு இல்லை. இது சரியான முடிவு. ஆனால் இது தெரியாமல் உள்ளே போகிறவர் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் விலையை உணர்வார்.

பெரும்பாலும் நடக்கும் தவறு இப்படி இருக்கும். முதல் ஊரில் ஒரு பூட்டு திறக்கவில்லை, லாக்பிக்கில் 2 போடுகிறார். அடுத்த அறையில் டெர்மினல், ஹேக்கில் 2. யாரோ ஒருவரிடம் பேச்சு எடுபடவில்லை, ஸ்பீச்சில் 2. இப்படி எட்டு ஸ்கில்களில் தூவிக்கொண்டே போனால் 15-ஆம் லெவலில் லெவல் ஏற்றத்தில் வந்த 28 புள்ளியும் ஆளுக்கு மூன்று, மூன்றரையாகக் கரைந்திருக்கும். அதே 28 புள்ளி நான்கு ஸ்கில்களில் இருந்தால் தலைக்கு 7. கேம் போகப்போகக் கதவுகளும் உரையாடல்களும் கேட்கும் எண்கள் ஏறிக்கொண்டே இருப்பதால், தூவியவருக்கு எந்தக் கதவும் திறக்காத ஒரு நிலை வரும். பெர்க்குகளுக்கும், அதாவது பாத்திரத்துக்குக் கிடைக்கும் சிறப்புச் சலுகைகளுக்கும், இதே கதிதான். 90-க்கும் மேற்பட்ட பெர்க்குகள் இருக்கின்றன, இரண்டு லெவலுக்கு ஒன்று என்ற கணக்கில் எடுக்க முடிவது 15. அவற்றில் உருப்படியானவை பலவும் ஒரு குறிப்பிட்ட ஸ்கில் இத்தனை இருந்தால்தான் என்று நிபந்தனை வைப்பவை.

ஆகவே தொடக்கத்திலேயே நான்கைத் தீர்மானித்துவிட வேண்டும். சண்டைக்கு ஒன்று போதும். கன்ஸ் (துப்பாக்கி), மெலீ (நெருங்கி அடிப்பது), எக்ஸ்ப்ளோசிவ்ஸ் (வெடிபொருள்) மூன்றும் தனித்தனி ஸ்கில்கள், இரண்டைப் பிடித்தாலே புள்ளி வீண். வழி திறக்க லாக்பிக் அல்லது ஹேக், இரண்டும் தேவையில்லை. ஒரு கட்டடத்துக்குள் நுழையப் பூட்டும் இருக்கும், டெர்மினலும் இருக்கும், கூரைப்பக்கமோ குழாய்ப்பக்கமோ இன்னொரு வழியும் பெரும்பாலும் இருக்கும். மூன்றாவது ஸ்பீச். நான்காவதாகப் பலரும் கண்டுகொள்ளாத அப்சர்வேஷனைச் சொல்ல வேண்டும். ஒளித்துவைத்த பொத்தான், போலிச் சுவர், ஒருவர் பேச்சில் இடிக்கும் விவரம் இவையெல்லாம் இந்த ஸ்கில் இருந்தால் மட்டுமே கண்ணில் படும். மற்ற ஸ்கில்களின் குறையை இது பல இடங்களில் ஈடுகட்டுகிறது. பட்டறை மேசையில் ஆயுதங்களைக் குடைந்துகொண்டிருப்பது பிடிக்கும் என்பவர்கள் ஸ்பீச்சை விட்டுவிட்டு எஞ்சினியரிங் எடுக்கலாம். ஆனால் கூட்டாளிகளை நம்பிச் சண்டை போடும் எண்ணம் இருந்தால் லீடர்ஷிப்புக்கு இடம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

பேச்சுச் சோதனைகளில் பகடை கிடையாது. தேவையான எண் திரையிலேயே தெரியும், இருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் அந்த வரி பூட்டியே கிடக்கும். சேவ் போட்டுத் திரும்பத் திரும்ப முயல்வதில் பயன் இல்லை. பூட்டிய வரியைக் காட்டுவது எரிச்சல் என்கிற புகாரில் நியாயம் உண்டு, ஏனென்றால் ஒரு நல்ல உரையாடலில் ஐந்து வரி மங்கிக்கிடந்தால் கண் அங்கேயேதான் போகும். அந்த ஏக்கம்தான் இன்னொரு பில்டோடு, அதாவது வேறு ஸ்கில் கலவையோடு, மறுபடி தொடங்க வைக்கிறது என்பதும் உண்மை.

இனி 'குறைகள்' (Flaws); கேமின் குறைகள் அல்ல, நம் பாத்திரம் ஏற்கும் குறைகள். கேமின் உயிர் இங்கேதான் இருக்கிறது. விளையாடும் விதத்தைக் கேம் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பழக்கம் மிஞ்சினால் திரையை நிறுத்தி ஒரு பேரம் முன்வைக்கும்: இந்த நன்மை, இந்தத் தீமை, இரண்டும் சேர்ந்தே வரும், ஒப்புக்கொள்கிறாயா? முதல் பாகத்திலும் குறைகள் இருந்தன, ஆனால் அங்கே எதை ஏற்றாலும் கூலி ஒரு பெர்க் புள்ளி என்பதால் கணக்குப் போட்டு முடிப்பது எளிது. இங்கே ஒவ்வொன்றுக்கும் தனி நன்மை, தனி வலி. குனிந்தே நடப்பவருக்கு மூட்டு தேய்கிறது: குனிந்து நகரும் வேகம் கூடும், ஆனால் நிமிரும்போதெல்லாம் முழங்கால் சத்தம் போட்டு அக்கம்பக்கத்துக் காவலரை எழுப்பும். பாதித் தோட்டா இருக்கும்போதே ரீலோட் செய்யும் கைப்பழக்கம் உள்ளவருக்கு மேகசின் பெரிதாகும், ஆனால் அதைக் காலியாகும்வரை சுட்டுவிட்டால் தாக்குதல் பலம் இறங்கும். உரையாடலைத் தட்டித் தட்டி ஓட்டுகிறவருக்கு அனுபவப் புள்ளி கூடும், பதிலுக்கு ஒவ்வொரு பதில் வரிக்கும் நேரக் கெடு வைக்கப்படும். கெடு தாண்டினால் கேமே ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிடும். கைநீட்டிப் பழகியவருக்குத் திருட்டுப் பொருளில் நல்ல விலை வரும், ஆனால் சில சமயம் கை தானாகவே நீளும்.

இவற்றில் எதை ஏற்கலாம்? மேகசின் குறை, துப்பாக்கிப் பிரியர்களுக்கு ஏறக்குறைய இலவசம். எப்படியும் முன்கூட்டியே ரீலோட் செய்கிற கை அது. மூட்டுக் குறையை மறைந்து தாக்கும் பில்ட் வைத்திருப்பவர் யோசித்துத்தான் எடுக்க வேண்டும், எதிரிகள் நெருக்கமாக நிற்கும் உள்ளறைகளில் ஒரே ஒரு நிமிர்வு காரியத்தைக் கெடுத்துவிடும். நேரக் கெடுக் குறையை, எழுத்தை ரசிப்பதற்காகவே இந்த வகைக் கேமை வாங்குகிறவர் தொடவே கூடாது. ஒருமுறை ஒப்புக்கொண்டால் பின்வாங்க முடியாது என்பதால், பேரத் திரை வந்ததும் அவசரப்படாமல் இரண்டு வரிகளையும் முழுக்க வாசிக்க வேண்டும். மறுத்தால் தண்டனை எதுவும் இல்லை.

கதை நடப்பது ஆர்கேடியா என்ற புதிய காலனியில். முதல் பாகம் நடந்த ஹால்சியன் காலனி தெரியாமலே தாராளமாகத் தொடங்கலாம். எர்த் டைரக்டரேட்டின் அதிகாரியாக ஒரு பணிக்குப் போய், துரோகத்தில் சிக்கி, 10 ஆண்டு உறைநிலையில் கிடந்து விழிக்கிறோம். அதற்குள் அங்கே மூன்று தரப்புகள் மோதிக்கொண்டிருக்கின்றன, விண்வெளியில் பிளவுகள் திறந்துகொண்டிருக்கின்றன. ஆன்ட்டீஸ் சாய்ஸ், முதல் பாகத்தில் தனித்தனியாக இருந்த இரண்டு நிறுவனங்கள் ஒன்றாக இணைந்து உருவான பெரு வணிகம். ப்ரொடெக்டரேட், குடிமக்களின் நன்மைக்காகவே அவர்களை நசுக்குவதாக மனதார நம்பும் அதிகார அரசு. அதிலிருந்து பிரிந்துபோனது ஆர்டர் ஆஃப் தி அசெண்டன்ட், வருங்காலத்தைச் சமன்பாட்டில் அடக்கிவிடலாம் என்று கணிதத்தைக் கும்பிடும் கூட்டம்.

முதல் பாகத்தின் நையாண்டி ஒரே திசையில் வீசியது: நிறுவனங்கள் பேராசை பிடித்தவை. பத்து மணி நேரத்தில் அடுத்த நகைச்சுவை எங்கிருந்து வரும் என்று தெரிந்துவிடும். இங்கே மூன்று தரப்பும் ஒன்றையொன்று சரியாகவே விமர்சிக்கின்றன, அதனால் எந்தத் தரப்பில் நின்றாலும் இன்னொரு தரப்பின் குத்தல் நம் மேலும் படுகிறது. ஊர்சுற்றும்போது ரேடியோவைப் போட்டுக்கொண்டே நடப்பது நல்லது. தரப்புக்கு ஒரு நிலையம் உண்டு. நாம் செய்த ஒரே காரியத்தை ஒரு நிலையம் வெற்றி என்கும், இன்னொன்று சதி என்கும், மூன்றாவது எதிர்பார்த்ததுதான் என்கும். மூன்றில் புதுமையாக எழுதப்பட்டிருப்பது ஆர்டர். தங்கள் கணக்கு தப்பாகாது என்று நம்புகிறவர்களிடம் தப்பைக் காட்டும் உரையாடல்கள்தான் கேமின் சிறந்த எழுத்து. ஆன்ட்டீஸ் சாய்ஸின் விளம்பர வசனங்கள் சிரிக்கவைத்தாலும் பழகிய வழியில் போகின்றன. முதன்மைக் கதையின் துரோகியைத் துரத்தும் இழை மட்டும் இவற்றின் பக்கத்தில் மெலிந்து தெரிகிறது.

முதல் பெரிய பகுதியான பாரடைஸ் ஐலண்ட் மிகச் சிறப்பாகக் கட்டப்பட்டிருக்கிறது. தீவின் மறுபக்கம் போகப் பாலம் வேண்டும், பாலம் இரு தரப்பின் சண்டைக்கு நடுவே கிடக்கிறது. ஒருவரோடு கைகோக்கலாம், இருவரையும் விட்டுவிட்டு வேறு வழி தேடலாம். ஃபேர்ஃபீல்ட் ஊரில் யாரிடம் எதைச் சொன்னோம் என்பதைப் பல மணி நேரம் கழித்தும் கேம் நினைவில் வைத்திருக்கிறது. இந்தத் தீவை முடிக்காமல் ஓடக் கூடாது. பின்னால் வரும் பகுதிகளான டொராடோவின் கோல்டன் ரிட்ஜும், பிரேட்டரும், பனி மூடிய கிளாய்ஸ்டரும் நன்றாகவே இருந்தாலும், இத்தனை நெருக்கமாகப் பின்னிய பணிகள் அங்கே குறைவு.

கூட்டாளிகள் ஆறு பேர், ஒரு நேரத்தில் இருவரை அழைத்துப் போகலாம். காதல் இழை யாரோடும் கிடையாது. நைல்ஸ் நம்மோடு பணிக்கு வந்தவன். வேலரி குணப்படுத்தும் டிரோன், தொடக்க மணி நேரங்களில் கழற்றிவிடாமல் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ட்ரிஸ்டன் ப்ரொடெக்டரேட்டின் கவசமணிந்த நீதியாளன், அடி வாங்கும் சுவராக முன்னே நிற்பான். அவனை அழைத்துக்கொண்டு அவன் அரசுக்கு எதிரான பணிக்குப் போனால் என்ன ஆகும் என்பதை யோசித்துக் கூட்டிப் போக வேண்டும்.

துப்பாக்கிச் சண்டை முதல் பாகத்தைவிடப் பல படி மேல். சுடும்போது கையில் கனம் தெரிகிறது, பாத்திரத்தைப் பின்னாலிருந்து காட்டும் மூன்றாம் நபர் பார்வையும் இப்போது உண்டு. எதிரியின் கவசத்துக்குப் பொருந்தாத தாக்குதல் வகையோடு போனால் மேகசின் மேகசினாகக் கரையும். இயந்திரங்களுக்கு மின்னதிர்ச்சி, கவசக்காரர்களுக்கு அரிப்பு அமிலம் என்று இரண்டு மாற்று ஆயுதங்களாவது கையில் இருக்க வேண்டும். காயத்தை ஆற்றும் இன்ஹேலரை இஷ்டத்துக்கு இழுக்க முடியாது. ஒவ்வொரு இழுப்புக்கும் உடலில் நச்சு ஏறும், வரம்பு தாண்டினால் பக்கவிளைவு வரும். ஒரு மோதலில் இரண்டுமுறைக்கு மேல் இழுக்க வேண்டியிருந்தால், தவறு மருந்தில் இல்லை, நிற்கிற இடத்தில் இருக்கிறது. பிணத்திலிருந்து எடுக்கும் மட்டமான ஆயுதங்களை விற்றுச் சில்லறை பார்ப்பதைவிட உடைத்து உதிரிகளாக்குவது மேல், தோட்டா செய்ய அவை தேவைப்படும்.

அன்ரியல் எஞ்சின் 5-இல் செய்த கேம் என்பதால் பிசியில் படம் விட்டுவிட்டு ஓடினால் முதலில் கைவைக்க வேண்டியது நிழல், ஒளிப்பரவல் இரண்டிலும். ஒளியை நுணுக்கமாகக் கணக்கிடும் ஹார்ட்வேர் ரே டிரேசிங்கை அணைத்துவிட்டுப் பார்ப்பது அடுத்த படி. வீடியோ மெமரி போதுமான அளவு இருந்தால் டெக்ஸ்சரை (பரப்புகளின் பட நுணுக்கத்தை) குறைத்துப் பெரிய லாபம் வராது.

வணிகப் பேராசையைக் கிண்டலடிக்கும் கேமுக்கு 2025 ஜூனில் 80 டாலர் விலை அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் ஜூலையில் 70-க்கு இறக்கினார்கள். இறக்கியது நல்ல காரியம். அக்டோபர் 29 வெளியீட்டுக்கு முன்பே ஐந்து நாள் விளையாட பிரீமியம் பதிப்பு விற்றதை மட்டும் மெச்ச முடியாது. வெளியான நாளிலேயே மைக்ரோசாஃப்டின் சந்தா சேவையான கேம் பாஸிலும் வந்துவிட்டதால், சந்தேகம் இருப்பவர் அதில் பாரடைஸ் ஐலண்ட் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம். தீவு முடிவதற்குள் புள்ளித் தட்டுப்பாடு எரிச்சலூட்டினால், அது பின்னால் தளராது.

இரண்டாவது முறை விளையாடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. பாத்திரம் உருவாக்கும்போது ஒரு எதிர்மறை இயல்பை ஏற்றால் இன்னொரு நல்ல இயல்பு கூடுதலாகக் கிடைக்கும். அதில் 'முட்டாள்' என்பதை எடுத்தால் ஐந்து ஸ்கில்கள் நிரந்தரமாகப் பூட்டப்படும். 58 புள்ளியில் எப்படியும் பன்னிரண்டையும் தொடப் போவதில்லை என்பதால் இழப்பு தோன்றுகிற அளவுக்கு இல்லை, புதிய அசட்டுப் பதில்களும் உரையாடலில் திறக்கின்றன. அப்சர்வேஷன் மட்டும் பூட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.