"கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம் சார்" என்று சொல்லும் ஒர்க்ஷாப்பிடம் எச்சரிக்கையாக இருங்கள்

ஆட்டோமேட்டிக் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு இன்னும் வலுவான எஞ்சின் போட யோசித்துக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் வண்டியை வாங்கிக்கொண்ட ஒர்க்ஷாப் எஞ்சினை மாற்றிக் கொடுத்தது. கூடவே ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த கியர்பாக்ஸை நாசமாக்கிவிட்டு, "அது பழசு சார், அதுக்கு நாங்க பொறுப்பில்லை" என்று கையை விரித்துவிட்டது.

வண்டி டொயோட்டா லேண்ட் க்ரூசர் 80, ஆட்டோமேட்டிக். அதில் இருந்தது 1எச்டி-டி, 4.2 லிட்டர் டர்போ டீசல். போட்டது அதே குடும்பத்தில் பின்னால் வந்த 1எச்டி-எஃப்டிஇ, லேண்ட் க்ரூசர் 100 வரிசை வண்டிகளில் 1998 முதல் வந்த எஞ்சின். இரண்டுமே வரிசையாக ஆறு சிலிண்டர், ஒரே கொள்ளளவு. ஆனால் பழையதில் 12 வால்வு, மெக்கானிக்கல் டீசல் பம்ப். புதியதில் 24 வால்வு, பம்பைக் கட்டுப்படுத்துவது கம்ப்யூட்டர். டார்க், அதாவது எஞ்சினின் முறுக்கு விசை, ஏறக்குறைய 360 நியூட்டன் மீட்டரிலிருந்து 430 வரை ஏறுகிறது. இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தான் கியர்பாக்ஸ் தாங்குமா, அதில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று கேட்டேன். "அதே பிளாக்தான் சார், போல்ட்டுக்குப் போல்ட் உட்காரும். கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம்" என்றார்கள்.

எஞ்சின் உட்கார்ந்தது உண்மைதான். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கியர் மாறுவதே தெரியவில்லை. "வெண்ணெய் மாதிரி மாறுது பாருங்க" என்று பெருமையாகச் சொன்னார்கள். பழைய எஞ்சினில் முழுசாக மிதித்தால் ஒவ்வொரு கியரும் ஒரு சின்ன உதையோடு விழும். இப்போது எவ்வளவு மிதித்தாலும் மெதுவாக வழுக்கிக்கொண்டு மாறியது. வலு கூடிய எஞ்சினுக்குப் பின்னால் கியர் இப்படி மென்மையாக மாறினால் அது நல்ல அறிகுறி இல்லை. உள்ளே ஆயில் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். இந்த வண்டியில் இருப்பது ஏ442எஃப் கியர்பாக்ஸ். நீங்கள் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதை ஒரு கேபிள் அதற்குத் தெரிவிக்கிறது. கிக்டவுன் கேபிள் என்பார்கள். மிதி கூடக்கூடக் கேபிள் இழுபடும், உள்ளே ஆயில் அழுத்தம் ஏறும், கிளட்ச் தட்டுகள் இறுகப் பிடிக்கும். பழைய பம்பில் ஆக்சிலரேட்டர் லீவர் இருந்தது, கேபிள் அதனோடு சேர்ந்து அசையும். கம்ப்யூட்டர் பம்பில் அந்த லீவரே கிடையாது. அதனால் பெடலோடு சேர்ந்து அசைகிற வேறு இடத்தில் கேபிளைப் பிடித்து, அளவு பார்த்து இழுவையைச் சரிசெய்ய வேண்டும். இவர்கள் கேபிள் முனையை ஒயரிங் கட்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். நான் முழுசாக மிதிக்கும்போதும் கியர்பாக்ஸுக்கு யாரோ காலை லேசாக வைத்திருப்பதாகத்தான் தெரிந்திருக்கிறது. 430 நியூட்டன் மீட்டர் தள்ளும்போது தட்டுகள் தளர்வாகப் பிடித்தபடி உராய்ந்து கருகின.

மேட்டில் மூன்றாவது கியர் பிடிக்காமல் எஞ்சின் மட்டும் சீறியபோது வண்டியை நிறுத்திவிட்டேன். ஆட்டோமேட்டிக் வேலை மட்டுமே செய்கிற வேறொரு மெக்கானிக் வந்து கியர்பாக்ஸ் ஆயிலை அளக்கும் டிப்ஸ்டிக்கை உருவி என் மூக்கருகே நீட்டினார். கருகிய வாடை. ஆயில் பேனைக் கழற்றியதும் அடியில் இருந்த காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள், பேன் முழுக்கத் தட்டுகளிலிருந்து உதிர்ந்த கறுப்புப் படிவு. அந்தக் கேபிளைக் கண்டுபிடித்ததும் அவர்தான். கட்டோடு படம் எடுத்த பிறகே அறுக்கவிட்டேன்.

படத்தை அனுப்பினேன். முதலில் அப்படியெல்லாம் கட்டவே இல்லை என்றார்கள். அப்புறம், அது பழைய கேபிள், தேவையில்லாதது என்றார்கள். கடைசியில் பில்லைக் காட்டினார்கள்: "எஞ்சின் மாற்றம், கேரண்டி எஞ்சினுக்கு மட்டும்." வாயால் சொன்ன ஒரு உறுதிமொழியும் அந்தப் பில்லில் இல்லை. பழைய எஞ்சினையாவது திருப்பித் தாருங்கள் என்றேன், அது எப்போதோ போய்விட்டதாம். வாங்கிய எஞ்சினுக்கான ரசீதும் இன்றுவரை வரவில்லை. அது இல்லாமல் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண்ணை எப்படி மாற்றுவது?

வண்டியைப் பிரித்தபோது வேறு சிலதும் தெரிந்தன. 80இல் முன்பக்கம் முழு ஆக்சில். 100 வரிசையில் பெரும்பாலான வண்டிகளுக்கு முன்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் இருக்கும். அந்த 100 வரிசைக்கென்று செய்த ஆயில் சம்ப்பை, அதாவது எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை, அப்படியே விட்டுவிட்டார்கள். சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கினால் ஆக்சில் மேலே வந்து எங்கே தட்டும் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

கியர்பாக்ஸ் ஆயிலுக்குத் தனிக் கூலரும் வைக்கவில்லை. மணலிலோ செங்குத்தான மேட்டிலோ மெதுவாக ஏறும்போது, எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகாது. எஞ்சின் தரும் வலுவில் ஒரு பெரிய பங்கு ஆயிலைக் கலக்கிச் சூடாக்கவே போகும். ஃபோர் வீல் டிரைவ் வாங்குவதே அந்த மாதிரி இடங்களுக்குத்தானே. எஞ்சின் வலு கூடும்போது அந்தச் சூடும் கூடும், ரேடியேட்டருக்குள் இருக்கும் சின்னக் கூலர் அதற்குப் போதாது.

கன்வெர்ட்டரைப் பற்றி அந்த மெக்கானிக் காட்டியதை மட்டும் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் முன் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸுக்குள் கடைசிவரை போய் உட்கார்ந்திருக்க வேண்டும். கியர்பாக்ஸின் முன்கூடான பெல் ஹவுசிங் எஞ்சினோடு ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டரைக் கையால் சுழற்ற முடிய வேண்டும், அதற்கும் எஞ்சினோடு சுழலும் தட்டான ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளி இல்லாமல் போல்ட்டை முறுக்கியே இழுத்துச் சேர்த்தால் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் உடையும். நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கக் கேளுங்கள், மறுத்தால் வண்டியை அங்கே விடாதீர்கள்.

கொட்டேஷன் வாங்கும்போது கிக்டவுன் கேபிள் எங்கே மாட்டப்படும், எந்தக் கன்வெர்ட்டர், கூலர் எங்கே வரும், எந்தச் சம்ப் என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். கேரண்டியில் கியர்பாக்ஸும், முன் பின் சக்கரங்களுக்கு வலுவைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்திருக்க வேண்டும். எஞ்சினுக்கான ரசீது கைக்கு வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள், பழைய எஞ்சின் யாருக்கு என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

என் கியர்பாக்ஸ் இப்போது அந்த இரண்டாவது மெக்கானிக்கின் மேசையில் பிரித்துக் கிடக்கிறது. தட்டுகள் எல்லாமே புதிது போட வேண்டும், கன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டும் என்கிறார். படங்கள், பில், அவர்களோடு பேசிய செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். ஒர்க்ஷாப்காரர்கள் என் போனை எடுப்பதில்லை.