எதிர்கால ஜனாதிபதி வேட்பாளரைத் தேடும் செயலமர்வு: இரண்டு நாள் போய் வந்த அனுபவம்

எதிர்காலத்தில் ஜனாதிபதித் தேர்தலில் நிறுத்தக்கூடிய இளையவர்களைத் தேடுகிறோம் என்று ஒரு கட்சி மட்டக்களப்பு நகருக்குள் நடத்திய தலைமைத்துவச் செயலமர்வுக்குப் போயிருந்தேன். கட்சியின் பெயர் வேண்டாம். பதிவுக்கு 500 ரூபாய், மத்தியானச் சோற்றுப் பார்சலும் இரண்டு நேரத் தேநீரும் அதற்குள் அடக்கம். அடுத்தது அம்பாறைப் பக்கம் என்று சொல்கிறார்கள், போக யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் நாள் காலை வகுப்புக்கே கொடுத்த காசு சரி. தேர்தல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சேர் வளவாளராக வந்தார். தேர்தலில் நிற்கக் கட்ட வேண்டிய கட்டுப்பணம் கட்சி வேட்பாளருக்கு 50,000 ரூபாய், சுயேச்சைக்கு 75,000, செல்லுபடியான வாக்கில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அது போய்விடும், சுயேச்சையாக நிற்பவர் இப்போதோ முன்போ எம்.பி.யாக இருந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். 2024இல் தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் சுயேச்சையாக நிற்க முடிந்ததும் முன்னாள் எம்.பி. என்பதால்தான், இத்தனை நாள் இது எனக்குத் தெரியாது.

அப்புறம் மாம்பழம், பலா, அன்னாசி என்று சின்னம் போட்ட மாதிரி வாக்குச்சீட்டைத் தந்து எங்களையே எண்ண வைத்தார். 2024 செப்டம்பர் 21 தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதம்தான், பாதியைத் தாண்டாததால் 1982இல் ஜனாதிபதித் தேர்தல் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக விருப்பு வாக்குகளை, அதாவது சீட்டில் 2, 3 என்று போட்டதை, முதல் இரண்டு பேருக்கும் சேர்த்து எண்ணினார்கள் அல்லவா, அதை அப்படியே செய்து காட்டினார். எனக்குப் பக்கத்தில் இருந்த தம்பி அன்னாசிக்கு 1 மட்டும் போட்டிருந்தான். அன்னாசி முதல் இரண்டு இடத்துக்குள் வராததால் இரண்டாவது சுற்றில் அவனுடைய சீட்டு எவருக்கும் சேராமல் ஓரமாய்ப் போனது. "2 போட்டிருக்கலாமே" என்று அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு மணித்தியாலத்தை ஊருக்கு ஊர் நடத்த வேண்டும்.

மத்தியானத்துக்குப் பிறகு மேடைப் பேச்சு, கமராவுக்கு முன்னால் கையை எப்படி வைப்பது என்பதெல்லாம். எனக்கு ஒட்டவில்லை.

என்னைக் கோபப்படுத்தியது வேறு. வெல்லாவெளியிலிருந்து வந்த ஒரு தங்கச்சி கொப்பியில் கணக்கு எழுதி வைத்திருந்தாள்: ஜனாதிபதித் தேர்தலில் 2019இல் காத்தான்குடி ஹிஸ்புல்லாஹ் எடுத்தது 38,814 வாக்கு, 2024இல் அரியநேத்திரன் எடுத்தது 226,343. எழும்பி, "எங்கட பக்கத்திலிருந்து ஒராள் நின்றால் வெல்ல நிற்கிறாரா, பேரம் பேச நிற்கிறாரா? இந்தக் கட்சி எதற்கு ஆள் தேடுது?" என்று கேட்டாள். இரண்டு நாளிலும் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். "தங்கச்சி, அதைக் கடைசியில் எடுப்போம்" என்றார்கள். எடுக்கவே இல்லை.

இரண்டாம் நாள் ஆள் தெரிவு செய்யும் நேர்முகத்தைப் பின்னேரம் ஐந்து மணிக்கு வைத்தார்கள். வெல்லாவெளி இருக்கிற படுவான்கரைப் பக்கம், அதாவது வாவிக்கு மேற்கே, இருட்டினால் ரோட்டில் யானை நிற்கும், அந்தத் தங்கச்சி நாலு மணிக்கே பஸ் எடுக்கப் போய்விட்டாள். பெயரை இரண்டு தடவை கூப்பிட்டு, சிவப்புப் பேனையால் வெட்டியதை நான் முன்வரிசையிலிருந்து பார்த்தேன். காரணத்தைச் சொன்னேன். "இருக்கிறவர்களுக்குள்ளதானே எடுக்கலாம்" என்று பதில் வந்தது. எடுத்த ஏழு பேரும் நகரத்தையும் அதை ஒட்டிய ஊர்களையும் சேர்ந்தவர்கள், எல்லாரும் ஆண்கள்.

நாட்டுக்கே தலைவரைத் தேடுகிறவர்கள் வாவிக்கு அந்தப் பக்கம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்க வேண்டாமா? நேர்முகத்தைக் காலையில் வைத்திருக்கலாம், இல்லாவிட்டால் மண்முனைப் பாலத்தைத் தாண்டிக் கொக்கட்டிச்சோலையில் ஒரு நாள் வைத்திருக்கலாம். இதை எழுதி அமைப்பாளரிடம் கடிதமாகக் கொடுத்திருக்கிறேன், அவளைத் திரும்பக் கூப்பிடச் சொல்லியும் கேட்டிருக்கிறேன்.

காலை வகுப்புக்கு ஐந்துக்கு ஐந்து, தெரிவு செய்த முறைக்கு ஒன்று. திருக்கோவில், பொத்துவில் மாதிரித் தூரத்திலிருந்து போகிறவர்கள் காசு கட்ட முதல் நேர்முகம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், பெண் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள்.