ஐப்பசி மழையில் குமரி மலைக்கு: காரில் இரண்டு நாள்

ஜெர்மனியின் கொலோன் நகரில் என் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அக்டோபரில் இரண்டு வாரம் இலையுதிர்கால விடுமுறை உண்டு. இத்தனை ஆண்டுகளும் நாங்கள் ஊருக்கு வந்தது கோடை விடுமுறையில்தான். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சையை முன்னிட்டு இம்முறை ஐப்பசியில் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள எங்கள் ஊரான வேர்க்கிளம்பிக்கு வந்தோம். கையில் இருந்த பன்னிரண்டு நாட்களில் மருத்துவமனைக்கும் உறவினர் வீடுகளுக்கும் போக இரண்டு நாட்கள் மீந்தன. அந்த இரண்டு நாட்களில் பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் செல்ல விரும்பினேன். வீட்டு மாடியில் நின்றால் நாள் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் மலையை அவர்கள் ஒருமுறைகூட அருகில் சென்று பார்த்ததில்லை.

கொலோனில் இந்தப் பருவத்தில் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாகப் பழுத்து நிற்கும். நம் மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்ப்பது மார்கழி, தை மாதங்களில்தான். ஐப்பசி இங்கே அடைமழைக் காலம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் இது என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருந்தும், பயணத்தைத் திட்டமிடும்போது நான் அதற்கு உரிய இடம் கொடுக்கவில்லை. ஜெர்மனியில் மலைக்குப் போவதென்றால் மூன்று மாதம் முன்பே தங்குமிடம் பதிவு செய்வோம், அந்த நாளில் போவோம். அதே பழக்கத்தில் இங்கும் தேதியை முதலில் குறித்துவிட்டு இடத்தைத் தேடினேன். "மக்களே, மழய பாத்துட்டுல்லா நாள் குறிக்கணும்" என்று அம்மா சொன்னது சரியென்று பிறகு கண்டேன்.

மூன்று இடங்கள் மனத்தில் இருந்தன. முதலாவது மாஞ்சோலை. அது திருநெல்வேலி மாவட்டத்தில், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், சொந்தக் காரில் செல்ல வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். கனமழை எச்சரிக்கை வந்தால் அந்த அனுமதியும் நிறுத்தப்படும். மேல் கோதையாறு குமரி மலைகளின் உச்சியில் இருந்தாலும், காரில் அங்கே போவதற்கு மாஞ்சோலை, குதிரைவெட்டி வழியாகத்தான் சாலை உண்டு என்பதால் அதுவும் இதோடு கைவிட்டுப் போயிற்று. ஊருக்குள் புகுந்ததால் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் யானையை 2023 ஜூன் மாதம் கொண்டு வந்து விட்டது அந்தக் காட்டுப் பகுதியில்தான் என்பதை அம்மா நன்றாக நினைவில் வைத்திருந்தார். இரண்டாவது, கேரளத்திலுள்ள பொன்முடி. திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவு, 22 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல மலைதான். ஆனால் மாநில எல்லையைக் கடக்க வாடகை வண்டிக்கு அதற்குரிய பெர்மிட் இருக்க வேண்டும் என்பதோடு, மண்சரிவு ஏற்பட்டால் மேலே செல்லும் பாதை மூடப்படும். ஆகவே மூன்றாவதாக, நம் மாவட்டத்துக்குள்ளேயே, தங்காமல், இரண்டு நாளும் இரவில் வீடு திரும்பும்படி முடிவு செய்தோம். முதல் நாள் குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை, கோதையாறு. மறுநாள் பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை, காளிகேசம்.

வண்டி ஏற்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். நான் முதலில் பேசிய ஒரு வாடகை நிறுவனம், ஓட்டுநர் இல்லாமல் நானே ஓட்டிக்கொள்ளத் தோதான கார் தருவதாகச் சொல்லி முன்பணமும் வாங்கிக்கொண்டது. புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை வந்து நின்ற காரில் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. அது ஒருவருடைய சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான வண்டி. சட்டப்படி தானே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தும், ஓட்டுநருடன் வரும் வாடகைக் காருக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தும் இருக்க வேண்டும். சொந்த வண்டியை வாடகைக்கு எடுத்து மலைப்பாதையில் விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. "எல்லாரும் இப்படித்தான் எடுக்கிறார்கள்" என்பதே அவர்கள் தந்த விளக்கம். நான் வண்டியைத் திருப்பி அனுப்பினேன். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது, அதுவும் நான்கு முறை தொலைபேசியில் அழைத்த பிறகு.

அன்றிரவே மாமா தமக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவரை அழைத்துப் பேசினார். நம் மாவட்டத்து டிஎன் 75 பதிவு, மஞ்சள் பலகை. நாள் வாடகை எவ்வளவு, அதில் எத்தனை கிலோமீட்டர் அடக்கம், அதற்கு மேல் ஓடினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஓட்டுநர் பேட்டா எவ்வளவு என்று அனைத்தையும் அந்த ஓட்டுநர் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார். இரண்டாம் நாள் முடிவில் கணக்குப் பார்த்தபோது அதில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. டயரின் பள்ளம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, வைப்பர் இலை புதிதா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று நான் கேட்டதை அவர் குறையாக எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகக் காட்டினார். இந்த மாவட்டத்தில் நான் பெற்ற சேவைகளிலேயே மிகச் சிறந்தது அவருடையது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

திட்டமிடலின் உண்மையான பாடத்தையும் அவரிடம்தான் கற்றேன். நான் கைப்பேசியில் வானிலைச் செயலியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் நாளிதழில் அணைகளின் நீர்மட்டத்தைப் பார்த்தார். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. பேச்சிப்பாறை நாற்பது அடியைத் தாண்டி, மேலே மழையும் வலுத்தால், எந்த நேரமும் உபரிநீர் திறக்கப்படலாம் என்று கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். திறந்துவிட்டால் அந்த நீர் கோதையாற்றில் இறங்கித் திற்பரப்பு அருவியில் ஆர்ப்பரித்து விழும். அன்று அங்கே குளிக்கத் தடை விதிக்கப்படும். மலைக்கிராமங்களை இணைக்கும் தரைப்பாலங்கள் மூழ்கினால், மேலே போனவர்கள் தண்ணீர் வடியும்வரை மேலேயே இருக்க வேண்டியதுதான். ஆகவே அவர் புறப்படும் முன் மலைக்கிராமமான குற்றியாற்றில் உள்ள ஒருவரை அழைத்து, "பாலத்துல தண்ணி ஏறியிருக்கா?" என்று ஒரே கேள்வி கேட்டார். இல்லை என்ற பதில் வந்த பிறகே வண்டியை எடுத்தார். ஐப்பசியில் மலையில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு இறங்குவதால், விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி மதியம் இரண்டுக்குள் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பதும் அவர் வகுத்த விதி.

முதல் நாள் குலசேகரத்தில் பெட்ரோல் நிரப்பி, ஒரு சாயாக்கடையில் புட்டும் பயறும் பப்படமும் வாங்கிக்கொண்டோம். மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கியபோது, 2023ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைக் கடைக்காரர் பெருமையோடு சொன்னார். பேச்சிப்பாறையை அடைந்தபோது அணை நீரின் மேல் மூடுபனி கிடந்தது. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1897 முதல் 1906 வரை, பொறியாளர் மிஞ்சின் மேற்பார்வையில் கட்டப்பட்ட அணை இது. கட்டியவரின் கல்லறையும் அணைக்கு அருகிலேயே இருக்கிறது. ஓர் அணையைக் கட்டியவர் அதன் கரையிலேயே உறங்குகிறார் என்பது என் மூத்த மகளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நாஞ்சில் நாட்டின் வயல்கள் இந்தத் தண்ணீரை நம்பியே பயிராயின என்பதை அவளுக்கு அங்கேயே நின்று விளக்க முடிந்தது.

பேச்சிப்பாறைக்கு மேல் பாதை குறுகலாகி, கைப்பேசிச் சிக்னல் விட்டுவிட்டு வந்து, பிறகு முற்றிலும் மறைந்தது. வழியை முன்பே கைப்பேசியில் பதிவிறக்கி வைத்திருந்தாலும் அது தேவைப்படவில்லை. இருபுறமும் ரப்பர் தோட்டம், இடையிடையே காணி பழங்குடி மக்களின் குடியிருப்புகள், எதிரே அரசுப் பேருந்து. வளைவில் எதிரெதிரே வந்தபோது எங்கள் ஓட்டுநர் வண்டியைப் பின்னுக்கு எடுத்து வழிவிட, பேருந்து ஓட்டுநர் நின்று, "மேல மேகம் கறுத்துட்டு வருது, சீக்கிரம் எறங்கிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். கீழ்க் கோதையாற்று நீர்மின் நிலையத்தின் திசையில் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு, அந்தச் சொல்லை மதித்துப் பதினொரு மணிக்கே திரும்பினோம். ஒரு மணிக்குக் குலசேகரத்தில் மழை கொட்டியது. மாலையில் மழை ஓய்ந்த நேரத்தில் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனோம். 28 தூண்கள், 115 அடி உயரம், 1966இல் கட்டி முடிக்கப்பட்டது. மலைக்குள் போக முடியாத நாளில் மலையைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. நடைபாதை ஈரத்தில் வழுக்குவதால் சிறு பிள்ளைகளைக் கையைப் பிடித்துத்தான் அழைத்துச் செல்ல வேண்டும்.

மறுநாள் நாங்கள் போன காளிகேசம் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள இடம். 2008இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தின் பகுதிகள் இந்த மலைகளில்தான் உள்ளன. சோதனைச் சாவடியில் கட்டணம் வாங்கி, பைகளைத் திறந்து பார்த்து, நெகிழிப் பொருட்களைத் தனியே எடுத்து வைத்தார்கள். பணியில் இருந்தவர் பிள்ளைகளிடம், யானை நடமாட்டம் உள்ள பகுதி என்பதால் சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீரில் மட்டும் நிற்க விட்டார்கள். மேலே மழை தொடங்கினால் நிமிடங்களில் ஆறு பெருகும் என்பதால் அந்தக் கண்டிப்பு மிகவும் சரியானது. ரப்பர் தோட்டத்து ஈரத்தில் அட்டைக்கடிக்கு உப்பும் புகையிலையும் கட்டிய துணி போதுமாக இருந்தது. கிராம்புத் தோட்டங்கள் உள்ள மாறாமலைக்குச் செல்ல ஜீப்பும் தோட்டத்தாரின் அனுமதியும் வேண்டியிருந்ததால் அங்கே போகவில்லை.

குறையொன்றைப் பதிவு செய்யாமல் விட முடியவில்லை. இரண்டு நாளில் நாங்கள் நின்ற இடங்களில் ஓரிடத்தில் கழிப்பறை கட்டப்பட்டுப் பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று அங்கிருந்த எவருக்கும் தெரியவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன் எங்களோடு வந்திருந்த அம்மாவும் என் மனைவியும் அரை மணி நேரம் தவித்து, ரப்பர் பால் எடுக்கும் ஓர் அக்காவின் வீட்டில்தான் உதவி பெற்றார்கள். நுழைவுக் கட்டணமும் வண்டி நிறுத்தக் கட்டணமும் ரசீது கிழித்து வாங்கப்படும் இடத்தில், ஒரு சாவியை வைத்திருக்க ஓர் ஆளை நியமிக்க முடியாதா என்று மனம் மிகவும் வருந்துகிறது. முதியவர்களோடு வருகிறவர்கள் குலசேகரத்திலோ பூதப்பாண்டியிலோ உணவகத்தில் நின்று புறப்படுவது நல்லது.

விமானம் ஏறும் நாளில் திருவனந்தபுரத்துக்கு எங்களை அழைத்துச் சென்றவரும் அதே ஓட்டுநர்தான். அடுத்த முறை தை மாதத்தில் வந்தால் ரப்பர் இலை உதிர்வதைப் பார்க்கலாம், மாறாமலைக்கு ஜீப்புக்கும் தாமே சொல்லி வைப்பதாகச் சொன்னார். பள்ளிக்கு அப்போது விடுமுறை இல்லை என்று மகள் வருத்தத்தோடு சொல்ல, "அப்போ ஐப்பசியிலயே வாங்க மோளே, வெள்ளம் ஏறாத நாளா நான் பாத்துச் சொல்லுதேன்" என்றார்.