பொம்பெயி இடிபாடுகள்: இருக்கைத் தடியா, ரோலேட்டரா?

இத்தாலியின் பண்டைய ரோமானிய நகரமான பொம்பெயியின் எரிமலைக்கல் தெருக்களில் 2,000 ஆண்டுப் பழைய வண்டித்தடங்கள் பள்ளமாகவே கிடக்கின்றன. நெடுநேரம் நிற்க முடியாதவர் இருக்கையைக் கையோடு கொண்டுபோவதே நல்லது.

விரித்தால் இருக்கையாகும் கைத்தடியான மடக்கு இருக்கைத் தடி ஒரு கிலோ அளவுதான். படியுள்ள வீடுகளுக்குள்ளும் வரும். ஆனால் சாய்மானம் கிடையாது. மூன்று கால்களில் ஒன்று கல்லிடுக்கில் இறங்கினால் ஆள் சரிந்துவிடுவார். கையால் அழுத்திப் பார்த்த பிறகே உட்காருங்கள். இருக்கை தாழ்வாக இருந்தால், எழும்போது முழங்கால் படாத பாடு படும்.

ரோலேட்டர் என்னும் சக்கர நடைச்சட்டத்தில் அகலமான இருக்கை, பிடித்து எழக் கைப்பிடி. பிரேக்கைப் பூட்டாமல் உட்காரவே கூடாது. 15 செ.மீ. சக்கரம் இடுக்கில் மாட்டும், 20 செ.மீ.க்குக் குறையாமல் எடுங்கள். ஆம்பிதியேட்டர் சதுக்க வாயிலில் தொடங்கும் தடையற்ற பாதை 3 கி.மீ.க்கு மேல் நீள்கிறது. அதை விட்டு விலகாதவருக்கு, குறிப்பாக முதுகுவலி உள்ளவருக்கு, ரோலேட்டர்தான். பக்கத்துச் சந்துகளிலும் நுழைய ஆசையென்றால் தடி.